படிக்கட்டு எந்தப் பக்கம் இறங்கும்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் காலடிப்பேட்டை குழு ஊக்குநர் பேசியது. பேசியபடியே எழுதப்பட்டுள்ளது.)



செயலாளர் அக்கா என்னை "குழுவால் நான் உயர்ந்தேன்" என்ற தலைப்பில் பேசச் சொன்னாங்க. அந்தத் தலைப்பில் போன வருஷமும் பேசினாங்க, அதுக்கு முந்தின வருஷமும் பேசினாங்க. என்னைவிட நல்லாவே பேசினாங்க. அதனால நான் வேற ஒண்ணு பேசப்போறேன். மெட்ரோ ஸ்டேஷனைப் பத்தி. அக்கா என்னை ஒரு மாதிரி பார்க்கிறாங்க. சீட்டு, சந்தா, கடன் பேசற இடத்துல ஸ்டேஷன் எதுக்குன்னு கேட்கறாங்க போல. கொஞ்சம் பொறுத்துக்கங்க அக்கா, கடைசியில சந்தாவுக்கும் கடனுக்கும்தான் வந்து சேருவேன்.

போன மாசம் எங்க குழுவோட பழைய தீர்மான நோட்டுகளை எல்லாம் பீரோவிலிருந்து எடுத்து, கரையான் அரிக்கிறதுக்கு முன்னாடி அட்டை போட்டு வைக்கலாம்னு உட்கார்ந்தோம். அப்போ 2016-ஆம் வருஷ நோட்டு என் கைக்கு வந்தது. ஜூலை மாசக் கூட்டம். எழுதினதே நான்தான். வருகை 14 பேர். சந்தா வரவு. உள்கடன் மூணு பேருக்கு. ஒருத்தருக்குப் பிள்ளையோட காலேஜ் ஃபீஸ், ஒருத்தருக்குத் தையல் மெஷின், ஒருத்தருக்குக் காதுகுத்து. தீபாவளிச் சீட்டு போடலாமா வேண்டாமான்னு ஒரு சண்டை நடந்திருக்கு, "அடுத்த கூட்டத்திற்கு ஒத்தி வைக்கப்பட்டது" என்று எழுதியிருக்கேன். அவ்வளவுதான், கீழே கையெழுத்து.

அதே ஜூலை மாசம் 23-ஆம் தேதிதான் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ரயிலை நீட்டிக்கும் வேலைக்கு, அப்போ முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா அம்மா அடிக்கல் நாட்டினாங்க. 9 கிலோமீட்டர். 3,770 கோடி ரூபாய். நம்ம வாசல்ல, நம்ம திருவொற்றியூர் நெடுஞ்சாலையில, என் இட்லி வண்டி நிற்கிற இடத்துக்கு மேலேயே போகப் போற ரயில். பேப்பர்ல வந்தது, டிவியில வந்தது. எங்க நோட்டுல ஒரு வரி இல்ல. ஆகஸ்ட் மாசத்தைப் புரட்டினேன், செப்டம்பரைப் புரட்டினேன். அங்கேயும் இல்ல.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அதனாலதான் இன்னைக்கு இதைப் பேசறேன்.

மொதல்ல நம்ம ரோடு எப்படி இருந்துச்சுன்னு சின்னப் பொண்ணுங்களுக்குச் சொல்லணும். இங்க 20 வயசுக்காரங்க நிறைய பேர் இருக்கீங்க, தூணில்லாத ரோட்டை நீங்க சின்ன வயசுலதான் பார்த்திருப்பீங்க. கிழக்கே கடலோரமா எக்ஸ்பிரஸ் ரோடு, அதுல துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை. ஒரு லாரிக்காரர் ராத்திரி சாப்பிட்ட இடத்துலயே மறுநாள் காலையிலும் டிபன் சாப்பிடுவார், வண்டி அவ்வளவு தூரம்தான் நகர்ந்திருக்கும். மேற்கே கும்மிடிப்பூண்டி லைன். நடுவுல நம்ம நெடுஞ்சாலை. பாரிஸ் போகணும்னா பஸ்ஸு, இல்லாட்டி ஷேர் ஆட்டோவில் ஒருத்தர் மடியில ஒருத்தர். திருவொற்றியூர்ல இருந்து பாரிஸ் போக ஒன்றரை மணி நேரம் ஆன நாளெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. என் நாத்தனாருக்குப் பிரசவ வலி எடுத்தப்போ ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நாங்க கும்பிடாத சாமி இல்ல.

ஆனா நம்ம பக்கத்துக்கு ரயில் ஒண்ணும் புதுசு இல்ல. தெற்கே வேற எங்கேயும் வர்றதுக்கு முன்னாடியே நம்ம ராயபுரத்துலதான் பயணிகள் ரயில் வந்தது. 1856-ல ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்தாங்க, வாலாஜா ரோடு வரைக்கும் ஓடுச்சு. அந்தத் தூண் வெச்ச கட்டடம் இன்னைக்கும் நிற்குது. இந்தியாவுல இன்னும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்கள்லயே பழசு அதுதான்னு சொல்றாங்க. டிராமும் ஓடின பட்டணம்தான் இது. 1895-ல ஆரம்பிச்சு 1953-ல நிறுத்தினாங்க. சரக்குக்கு ரயில், துரைங்களுக்கு ரயில், துறைமுகத்துக்கு ரயில்னு எல்லாத்துக்கும் நம்ம மண்ணு மேலேயேதான் தண்டவாளம் போட்டாங்க. தலையில கூடையோட போற பொம்பளை எந்தப் பக்கமாப் போவான்னு நம்மகிட்ட யாரும் கேட்டதா எங்க ஆயா காலத்துல இருந்து எனக்குத் தெரிஞ்சு கதை இல்ல. நாமளும் போய்ச் சொன்னதா கதை இல்ல.

சரி, என் கதைக்கு வர்றேன்.

அப்போ எனக்குக் காலையில இட்லி, தோசை. சாயங்காலம் பஜ்ஜி, போண்டா. குழு மூலமா வங்கிக் கடன்ல என் பங்கு 40,000 ரூபாய் எடுத்து வண்டி போட்டிருந்தேன். கம்பெனி ஷிஃப்டுக்குப் போறவங்க, பஸ்ஸுக்கு நிற்கிறவங்க, லாரிக்காரங்க. நல்லா ஓடுச்சு. அப்புறம் ரோட்டு நடுவுல தகரத் தடுப்பு வந்தது. மண் பரிசோதனைன்னாங்க. அப்புறம் பைல் போடற மெஷின் வந்தது. தடுப்பு அகலமாச்சு. பஸ் ஸ்டாப் தள்ளிப் போச்சு. நிற்க இடமில்லாம நான் உள் தெருவுக்குப் போனேன். உள் தெருவுல யார் வருவா? அங்க ஏற்கெனவே ரெண்டு பேர் கடை போட்டிருக்காங்க. அவங்க வயித்துல அடிச்சு நான் பிழைக்க முடியுமா?

யாரையும் குறை சொல்ல நான் இதைச் சொல்லல. ரயில் வரணும்னா ரோட்டைத் தோண்டித்தான் ஆகணும். வீடு கட்டறப்போ அடுப்பு வெளியில போகத்தான் செய்யும். ஆனா வெளியில போன அடுப்பைத் திரும்ப உள்ள எங்க வைக்கறதுன்னு வீடு கட்டறதுக்கு முன்னாடி நாம பேசி வெச்சுக்கறோமா இல்லையா? அந்தப் பேச்சை நான் பேசல. என்கிட்ட ஒரு துண்டுக் காகிதம் கூட இல்ல. பன்னெண்டு வருஷம் அதே இடத்துல கடை போட்டவ நான். அதை நிரூபிக்க என்கிட்ட இருந்தது கரி பிடிச்ச தோசைக்கல்லு மட்டும்தான். தெருக் கடைக்காரங்களைக் கணக்கெடுக்க ஒரு நாள் காலையில ஆள் வந்தாங்களாம். நான் மீன் வாங்கக் காசிமேடு போயிருந்தேன். பக்கத்து வண்டிக்காரர் பேர் ஏறிச்சு, என் பேர் ஏறல. அதுக்கப்புறம் போய்க் கேட்கலாம்னு கூட எனக்குத் தெரியல.

மூணு தவணை கட்டல. நாலாவது மாசம் நான் கூட்டத்துக்கே போகல. ஊக்குநரே போகலன்னா குழு என்ன ஆகும்? வீட்டுல கதவைச் சாத்திட்டு உள்ள உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் எட்டுப் பேர் வந்து கதவைத் தட்டினாங்க. நான் திட்டப் போறாங்கன்னு நெனச்சேன். பூக்கடை அக்கா, அவங்க இதோ முன் வரிசையில உட்கார்ந்திருக்காங்க, பேர் சொன்னா கோபப்படுவாங்க, அவங்க ஒண்ணும் பேசாம பாஸ் புத்தகத்தை எடுத்துக் காட்டினாங்க. மூணு தவணையும் கட்டியிருக்கு. சேமிப்புல இருந்து கொஞ்சம், அவங்க கைக்காசு கொஞ்சம். "நீ கட்டலன்னா உனக்கு மட்டுமா போவும், நம்ம பதினாலு பேருக்கும் அடுத்த கடன் இல்லடி. எழுந்து மூஞ்சி கழுவு" அப்படின்னாங்க.

"குழுவால் உயர்ந்தேன்" கதையும் இதுக்குள்ளயே வந்துடுச்சு, செயலாளர் அக்கா. ஆனா நான் கேட்கறது வேற. அந்த எட்டுப் பேரும் என் வீட்டுக் கதவைத் தட்டினாங்களே, ரெண்டு வருஷம் முன்னாடி, 2016-லேயே, ஒண்ணாப் போய் ஓர் அலுவலகக் கதவைத் தட்டியிருந்தா?

தெருவுல கடை போடறவங்களுக்குன்னு ஒரு சட்டம் 2014-லயே வந்துடுச்சு. மத்திய அரசு சட்டம், நாடு முழுக்கச் செல்லும். தெருக்கடை வச்சிருக்கும் சகோதரிகள் இதைக் கவனமா கேட்டுக்கங்க. கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கிற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாத்தணும்னா 30 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். ஒவ்வொரு ஊர்லயும் நகர விற்பனைக் குழு இருக்கணும், அதுல நூத்துக்கு 40 பேர் தெரு வியாபாரிகளே இருக்கணும், அந்த நாற்பதுல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க இருக்கணும். இதெல்லாம் 2014-ல எழுதி வெச்சது. எனக்குத் தெரிஞ்சது எப்போ தெரியுமா? கொரோனா முடிஞ்ச பிறகு, 10,000 ரூபாய் தெரு வியாபாரிக் கடனுக்கு மனு எழுதப் போனப்போ. சான்று இருக்கான்னு கேட்டாங்க. எந்தச் சான்றுன்னு நான் திருப்பிக் கேட்டேன்.

இப்ப ரயில் வந்த கதை. 2021 பிப்ரவரி 14-ஆம் தேதி பிரதமர் திறந்து வெச்சாரு. தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை ரெண்டும் பூமிக்கடியில. புது வண்ணாரப்பேட்டையில இருந்து மேல ஏறிடுது. சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, தேரடி, விம்கோ நகர். ஒரு வேடிக்கை பாருங்க, எங்க ஊர்ப் பேரைப் பலகையில பார்த்துட்டு எல்லாரும் ஏதோ சாமியோட காலடி பட்ட இடம்னு நெனைக்கறாங்க. அது காலெட் என்ற கவர்னர் பேரு. 1717-ல இருந்து 1720 வரைக்கும் மெட்ராஸ்ல கவர்னரா இருந்தவர், நெசவுக்காரங்களைக் குடி வெச்ச ஊரு, காலெட் பேட்டை. வாயில நுழையாம காலடிப்பேட்டை ஆயிடுச்சு. விம்கோன்னா தீப்பெட்டிக் கம்பெனி பேரு. ஒரு ஸ்டேஷனுக்கு வெள்ளைக்காரர் பேரு, ஒண்ணுக்குத் தீப்பெட்டி பேரு, ஒண்ணுக்கு நம்ம தியாகராஜ சாமி தேர் நிற்கிற இடத்துப் பேரு. நம்ம ஊரே அந்தப் பலகைங்கள்ல இருக்குன்னு எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆனா திருவொற்றியூர்னு பேர் வெச்ச ஸ்டேஷன்ல மட்டும் ரயில் நிற்கல. வேலை முடியல. ஒரு வருஷத்துக்கு மேல நம்ம தலைக்கு மேல ரயில் வரும், மெதுவாகும், நிற்காமப் போயிடும். 2022 மார்ச் 13-ஆம் தேதிதான் அதைத் திறந்தாங்க, விம்கோ நகர் பணிமனை ஸ்டேஷனையும் சேர்த்து. அந்த ஒரு வருஷம் எங்க தெருப் பிள்ளைங்க ரயிலுக்குக் கீழே நின்னு கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி விளையாடுங்க.

நான் மொதல் தடவை ஏறினப்போ என் மாமியாரைக் கூட்டிட்டுப் போனேன். சென்ட்ரல் எதிரே பெரியாஸ்பத்திரிக்கு, கண்ணு காட்ட. அவங்களுக்கு 70 வயசுக்கு மேல. நகரும் படியைப் பார்த்துட்டு, "நான் வரல, நீ போய் என் கண்ணைக் காட்டிட்டு வா"ன்னாங்க. லிஃப்டுல ஏத்தி விட்டேன். உள்ள ஏசி. மேல இருந்து கடல் தெரியுது, கப்பல் தெரியுது, நம்ம வீட்டு மொட்டை மாடியெல்லாம் தெரியுது. சென்ட்ரல்னு சொன்னப்போ அவங்க இறங்க மாட்டேன்னுட்டாங்க. இவ்வளவு சீக்கிரம் சென்ட்ரல் வராதாம், நான் ஏமாத்தறேனாம்! உண்மையைச் சொன்னா அன்னைக்கு எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. என் தோசைக்கல்லு போனதுக்குக் கூட ஒரு அர்த்தம் இருக்குன்னு தோணுச்சு. நல்லதை நல்லதுன்னுதான் சொல்லணும்.

அடுத்த நாளே கணக்கும் போட்டேன். நம்ம புத்தி அப்படி. எங்க குழுவுல ஒரு தங்கச்சி பாரிஸ்ல ஆபீஸ் கூட்டிப் பெருக்கற வேலைக்குப் போறா. தேரடியில ஏறி உயர் நீதிமன்றத்துல இறங்கணும். 30 ரூபாய். 2021-ல திறந்த கையோட கட்டணத்தைக் குறைச்சாங்க, 70 ரூபாயா இருந்த அதிகபட்சம் 50 ஆச்சு, அந்தக் குறைச்ச கணக்குல சொல்றேன். போக வர 60. மாசம் 26 நாள். 1,560 ரூபாய். கார்டு வெச்சிருந்தா நூத்துக்கு இருபது தள்ளுபடி, 1,248. அதே பயணம் சாதா பஸ்ஸுல நமக்கு 2021 மே மாசத்துல இருந்து இலவசம். அவ சம்பளத்துல 1,248 ரூபாய்ங்கிறது கேஸ் சிலிண்டர், பால் ரெண்டும் சேர்ந்தது. அவ என்ன பண்றா தெரியுமா? போகும்போது பஸ்ஸு. திரும்பி வரும்போது, பிள்ளை ஸ்கூல் விட்டு வந்திருக்கும்னா அன்னைக்கு மட்டும் மெட்ரோ. மாசத்துக்கு ஆறு நாளோ ஏழு நாளோ. "அக்கா, அந்த ஒரு மணி நேரத்தை நான் 24 ரூபாய் கொடுத்து வாங்கறேன்"னு சொன்னா. எனக்கு அதைக் கேட்டதுல இருந்து அந்தக் கட்டணப் பலகையைப் பார்க்கிற பார்வையே மாறிடுச்சு.

காசிமேட்டுல மீன் எடுத்து விக்கிற ஆயா ஒருத்தங்க இருக்காங்க. அவங்ககிட்ட "ஆயா, மெட்ரோவுல ஏறினியா"ன்னு கேட்டேன். "இன்னாம்மா கேக்கற, தண்ணி சொட்ற கூடையத் தூக்கினு அந்தப் பளிங்குத் தரையில நான் நடக்கறதா? என்னியப் பார்த்தா எல்லாரும் மூக்கப் புட்சிக்குவான். எனக்கு லோக்கல் ரயிலு வெண்டார் பொட்டி போதும். அங்க எல்லாமே நாத்தம் புட்ச்சவங்கதான், யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க"ன்னாங்க. சிரிச்சுட்டோம். சிரிச்சப்புறம் யோசிச்சா சிரிப்பு வரல. கூடை எடுத்துட்டு ஏற முடியாதுங்கறது இருக்கட்டும். வியாபாரம் முடிச்சு வெறுங்கூடையோட, முட்டி வலியோட வீடு திரும்பறப்பவாச்சும் அவங்க அதுல ஏறணும்னு எனக்கு ஆசை.

இன்னொண்ணு சொல்றேன். என் மக காலேஜ் பாடத்துக்காகப் படிச்சு எனக்குச் சொன்னது. லண்டன்ல தேம்ஸ் ஆத்தங்கரையில, நம்ம ராயபுரம் மாதிரியே துறைமுகத்தை நம்பின ஊருங்க. மூட்டை தூக்கறவங்க, கப்பல் வேலைக்காரங்க. கன்டெய்னர் கப்பல் வந்ததும் அந்தப் பழைய துறைக்குள்ள நுழைய முடியல. ஒண்ணொண்ணா மூடி, 1981-ல கடைசிப் பெரிய துறையும் மூடிட்டாங்க. நமக்குக் கன்டெய்னர் வந்து லாரி நின்னுச்சு. அவங்களுக்குக் கன்டெய்னர் வந்து துறைமுகமே போச்சு. அப்புறம் அரசாங்கம் ஒரு கழகம் போட்டு அந்த நிலத்தைப் புதுசா மாத்தினாங்க. பெரிய பெரிய ஆபீஸ் வந்தது. 1987-ல ஒரு சின்ன ரயில் விட்டாங்க. டாக்லேண்ட்ஸ் இலகு ரயில்னு பேரு. 15 ஸ்டேஷன், 11 ரயில், ஓட்டுநர் கூட இல்லாம தானா ஓடற ரயில். அழகான ரயிலு. ஆனா அங்கேயே பிறந்து வளர்ந்த துறைமுகத்துக்காரங்க என்ன கேட்டாங்கன்னா, இந்த வேலை எங்க பிள்ளைங்களுக்கு உண்டா, இந்த வீடுகளுக்கு எங்களால வாடகை கட்ட முடியுமான்னு. கேட்டது எப்படி தெரியுமா? 1984-ல படகுல ஏறி, ஆத்து வழியாவே பார்லிமென்ட்டுக்கு ஊர்வலமாப் போய் மனு கொடுத்தாங்க. ரயில் வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடி! நம்ம மீனவச் சகோதரிகள் இருக்கீங்க, படகு நமக்குப் புதுசா? அவங்க கேட்டது எல்லாம் கிடைச்சிடல. ஆனா கேட்டது பதிவாச்சு. இன்னைக்கும் என் மக படிக்கிற புத்தகத்துல இருக்கு. 2016-ல நாம கேட்டது எந்தப் புத்தகத்துல இருக்கு? என் தீர்மான நோட்டுல கூட இல்ல.

இப்ப ஏன் இதையெல்லாம் சொல்றேன்னா, மறுபடியும் நேரம் வந்திருக்கு. நம்ம பக்கம் மாறிக்கிட்டே இருக்கு. எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல நிறுத்தினாங்க. 2024 மார்ச்சுல 4,000 கோடிக்கு மேல வட சென்னை வளர்ச்சித் திட்டம்னு தொடங்கினாங்க. திருவொற்றியூர்க் குப்பத்துல சூரை மீனுக்குத் தனியா மீன்பிடித் துறைமுகம் கட்டியாச்சு. மெட்ரோவை விம்கோ நகரோட நிறுத்தாம எரணாவூர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூர் வரைக்கும் கொண்டு வரணும்னு நாம எல்லாரும் கேட்கிறோம். எண்ணூர்ச் சகோதரிகள் கையைத் தூக்குங்க பார்க்கலாம். இவ்வளவு பேரு! நீங்க இன்னைக்கும் லோக்கல் ரயில் தவறிப் போச்சுன்னா தெருவுலதான் நிக்கறீங்க. அதனால கேட்கறது நியாயம். "ஸ்டேஷன் வேணும்"னு கேட்டா மட்டும் போதாது. போன தடவை ஸ்டேஷன் வந்தது. படிக்கட்டு எந்தப் பக்கம் இறங்கும்னு நாம கேட்காததால, இறங்கின பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டோம்.

ஸ்டேஷன்னு நாம சொல்றது அந்த மாடிக் கட்டடத்தை. எனக்கு ஸ்டேஷன்னா என் வாசப்படியில ஆரம்பிச்சு ரயில் கதவுல முடியற வழி. போன மாசம் நாங்க பதினோரு பேர் எரணாவூர்ப் பக்கம் இருக்கிற ஒரு குழு உறுப்பினர் வீட்டுல இருந்து விம்கோ நகர் ஸ்டேஷன் வரைக்கும் ராத்திரி ஒம்பது மணிக்கு நடந்து பார்த்தோம். அவ தினமும் வேலை முடிஞ்சு வர்ற நேரம் அது. நடந்தப்போ ஒண்ணும் எழுதிக்கல, வீட்டுக்கு வந்துதான் எழுதினோம். மூணு இடத்துல நல்ல இருட்டு. ஒரு இடத்துல நடைபாதையில வண்டி நிக்குது, ரோட்டுல இறங்கித்தான் நடக்கணும், பின்னாடி டிரெய்லர் லாரி ஹார்ன் அடிக்குது. இருட்டுல ஒரு திருப்பம், அங்க வந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திட்டோம். ஏன்னு யாரும் யாரையும் கேட்கல. பதினோரு பேர் சேர்ந்து போறப்பவே அப்படி, அவ தனியா வர்றா. ரயில்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆச்சோ, அதைவிட அதிக நேரம் இந்த நடைக்கு ஆகுது. பாதி நாள் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கறா. அதையும் மெட்ரோ கட்டணத்துல சேர்த்துக் கணக்குப் போடுங்க.

ரயில் லைனுக்கு மேற்கே இருக்கிறவங்களுக்குக் கேட் தாண்டணும். கடலோரம் இருக்கிறவங்களுக்கு எக்ஸ்பிரஸ் ரோட்டைத் தாண்டணும். ஆக, ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு கேள்வி இருக்கு. அதை எழுதறதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம். உங்க வீட்டுல இருந்து நடங்க, நின்ன இடத்தை எழுதுங்க. தள்ளுவண்டிக்காரங்க நாலு பேர் நிற்க ஸ்டேஷன் வாசல்ல இடம் குறிச்சு வெச்சிருக்கான்னு கேளுங்க, அந்த இடம் வெயில்லயா நிழல்லயான்னும் கேளுங்க. கழிப்பறை டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி வருதா, பின்னாடி வருதான்னு கேளுங்க, ஏன்னா தெருவுல நாள் முழுக்க நிற்கிற பொம்பளைக்கு அது பெரிய விஷயம், இங்க இருக்கிற ஆம்பளைங்க மன்னிச்சுக்கணும். வங்கி ஐயா சிரிக்கறாரு. சிரிக்காதீங்க ஐயா, உங்க பேங்க்லயும் அதைத்தான் நாங்க தேடறோம்.

கடையைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஸ்டேஷனுக்குள்ள குழுக்களுக்கு ஒரு கடை கொடுங்கன்னு கேட்கலாம்னு சில அக்காங்க சொல்றாங்க. கேட்கலாம், எனக்கும் ஆசைதான். ஆனா வாடகை எவ்வளவு, கரண்ட் யாரு கட்டறது, நாளைக்கு எத்தனை டீ வித்தா கட்டுப்படியாகும்னு கணக்குப் போடாம உள்ள நுழைஞ்சா, பூக்கடை அக்கா மறுபடியும் என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். எங்க குழுவுக்குள்ளயே இதுல ஒத்துமை இல்ல. ஏழு பேர் வேணும்ங்கறாங்க, ஏழு பேர் வேண்டாம்ங்கறாங்க. நான் இன்னும் முடிவு பண்ணல. இது தீபாவளிச் சீட்டு மாதிரி ஒத்தி வைக்கப்பட்டிருக்கு.

என்னைப் பத்தி ஒரு விஷயம், கேட்பீங்கன்னு தெரியும். இப்போ காலையில வீட்டு வாசல்லயே இட்லி போடறேன். பெரிய வியாபாரம் இல்ல. தெரு வியாபாரிச் சான்று வாங்கிட்டேன், பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருக்கேன், இதோ கையில கொண்டு வந்திருக்கேன், வேணும்னா பார்த்துக்கங்க. தெருக்கடை வச்சிருக்கிற நம்ம உறுப்பினருங்க எத்தனை பேருக்கு இது இருக்கு? கூட்டமைப்புல இருந்து ஒரு கணக்கெடுத்தா அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

பின்னாடி மேசையில ரெண்டு நோட்டு வெச்சிருக்கோம். ஒண்ணு, எண்ணூர் வரைக்கும் ரயில் கேட்டு எழுதின மனு, கையெழுத்துப் போடறதுக்கு. இன்னொண்ணு வெறும் நோட்டு. அதுல உங்க குழுப் பேரு, தெருப் பேரு, ஸ்டேஷனுக்கு நடக்கிற வழியில நீங்க நிக்கற இடம், மூணையும் எழுதிட்டுப் போங்க. எழுத வராதவங்க சொல்லுங்க, என் மக எழுதுவா. வர்ற மாசம் முதல் கூட்டத்துல அவங்கவங்க குழு தீர்மான நோட்டுல ஒரு தீர்மானம் எழுதி நகல் கொண்டு வாங்க. எல்லாத்தையும் சேர்த்து மனுவோட வெச்சுக் கொடுக்கணும்.

வர்ற சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்குக் கத்திவாக்கம் பக்கம் நடக்கப் போறோம். வர்றவங்க செருப்பு நல்லதா போட்டுட்டு, கையில ஒரு டார்ச் கொண்டு வாங்க. போன தடவை ரெண்டு டார்ச்தான் இருந்துச்சு.